ஒக்டோபர் சுவிஸ்: ஆறுதலான ரயில் பயணமும் ஏரிக்கரை உலாத்தலும்

திருகோணமலை உவர்மலையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். அக்கா குடும்பம் பேர்னில் இருக்கிறது. ஒக்டோபரில் அம்மாவையும் அப்பாவையும் மூன்று கிழமைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், ரயில் என்றால் உயிர். அம்மாவுக்கு முழங்கால் நோ. பஸ்ஸில் ஏற்றி ஒரு நாளைக்கு நாலு ஊர் காட்டுகிற சுற்றுலா வேண்டாம், மலை ரயிலில் போய் ஏரிக்கரையில் உலாத்திவிட்டு வந்தால் போதும் என்கிறார்கள். எப்படி ஒழுங்கு செய்வது?

தங்கச்சி, முதல் வேலையாக அந்தப் பட்டியலைக் கிழித்துப் போடுங்கள். யாரைக் கேட்டாலும் கிளேசியர் எக்ஸ்பிரஸ், யுங்ஃபிராவ், ரைன் அருவி என்று ஒரே பெயர்களைத்தான் எழுதித் தருவார்கள். எல்லாவற்றுக்கும் நாள் குறித்து முற்பதிவு செய்தால், மழை பெய்தாலும் அம்மாவுக்குக் கால் வீங்கினாலும் போயே ஆகவேண்டும். நாளைக்கு எங்கே போவது என்பதை இன்றிரவு வானிலை பார்த்துத் தீர்மானிக்கிற மாதிரி வைத்துக்கொண்டால் பாதி அலைச்சல் குறையும். அதற்கு அங்கத்தைய ரயில்கள் இடம் கொடுக்கும். 1982 முதல் நாடு முழுவதும் ஒரே ஒழுங்கில் நேர அட்டவணை ஓடுகிறது: ஒவ்வொரு மணியிலும் அதே நிமிடத்துக்கு ரயில் வரும், பெரிய தடங்களில் அரை மணிக்கு ஒன்று. எங்கள் ஊரில் இரவு மெயிலைத் தவறவிட்டால் அன்றைய பயணம் போச்சு. அங்கே ஒன்றை விட்டால் ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கிறதுக்குள் அடுத்தது நிற்கும்.

எந்தத் திகதி என்பதில் கவனமாக இருங்கள். ஒக்டோபர் ஐந்தாறு தொடக்கம் இருபத்தைந்து வரை என்பது என் கணக்கு. அதற்கு முன்னால் போனால் மரங்கள் பச்சையாகவே நிற்கும். பின்னால் போனால் மூன்று தொல்லை. ஒக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளுவார்கள், பிறகு பின்னேரம் ஐந்து மணி தாண்டினாலே இருட்டு. ஏரிக் கப்பல்கள் குளிர்கால ஓட்டத்துக்கு மாறிக் குறைந்துவிடும். மலையூர்களில் கோடை முடிந்து பனிச்சறுக்குக் காலம் தொடங்கும்வரை விடுதிகள் பல பூட்டிக்கிடக்கும். எங்கள் பக்கமும் ஐப்பசி பிந்தினால் வாடைமழை. கந்தசஷ்டி விரதத்துக்கு அம்மா ஊரில் நிற்கவேண்டும் என்று நிச்சயம் சொல்லுவார், அதையும் பார்த்துத்தான் திரும்புகிற திகதியைப் போடவேண்டும்.

ஒக்டோபரில் அங்கே பகலில் பத்திலிருந்து பதினைந்து பாகை இருக்கும். வெயில் விழுந்தால் மேலங்கியைக் கழற்றலாம், நிழலுக்குள் போனால் மறுபடி போடவேண்டும். ஆகவே ஒரு பெரிய கம்பளிக் கோட்டைவிட மெல்லிய உடுப்பு மூன்று அடுக்கு மேல். மழையும் காற்றும் உட்புகாத மேலங்கி ஒன்று கட்டாயம். சப்பாத்தை இப்போதே வாங்கி, இங்கேயே போட்டு நடந்து பழக்குங்கள். அங்கே போய்ப் புதுச் சப்பாத்து போட்டால் இரண்டாம் நாளே குதிக்கால் கொப்பளிக்கும். பழுத்த இலை விழுந்த ஈரப் பாதையில் அடிப்பாகம் வழுக்கினால் முழங்கால்காரருக்கு ஆபத்து.

நடக்க முடியுமா என்ற சந்தேகம் இருந்தால் எங்கள் ஊரிலேயே சோதித்துப் பார்க்கலாம். பிரெட்றிக் கோட்டை வாசலில் இருந்து கோணேசர் கோயில் ஏற்றத்தை இரண்டு தரம் நின்று மூச்சு வாங்கி ஏறக்கூடியவர் என்றால், கீழே நான் சொல்லுகிற ஏரிக்கரைகளில் ஒன்றைத் தவிர எல்லாம் தாராளமாகப் போகலாம். அவை எல்லாம் அதைவிடச் சமதரை.

இனி இடங்கள். பேர்னில் வீடு இருப்பது பெரிய வசதி, நாட்டின் நடுவில் இருக்கிற மாதிரி. தூண் ஏரிக்கு ரயிலில் இருபது நிமிடம். அங்கிருந்து தண்டவாளம் ஏரியின் தென்கரையை ஒட்டியே இன்டர்லாக்கனுக்குப் போகும். வழியில் ஸ்பீட்ஸ் என்ற ஊர். மேலே ஸ்டேசன், கீழே கோட்டையும் சின்னத் துறையும். ஸ்பீட்ஸில் இருந்து ஃபாவுலன்சே வரைக்கும் தண்ணியோடு ஒட்டி ஒரு பாதை, முக்கால் மணித்தியாலம், குழந்தை வண்டியே தள்ளிக்கொண்டு போகலாம். அம்மாவின் முதல் நடைக்கு இதைத்தான் சொல்லுவேன். ஸ்டேசனில் இருந்து இறங்குகிற சரிவுதான் கொஞ்சம் செங்குத்து, அதற்குப் பஸ் இருக்கிறது.

இன்டர்லாக்கனுக்கு அங்காலே பிரியன்ஸ் ஏரி. அதன் நீலப்பச்சையைப் படத்தில் பார்த்தவர்கள் நிறம் ஏற்றியிருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். உண்மையிலேயே அப்படித்தான் இருக்கும். மேலே கிரிம்செல் பக்கத்துப் பனியாறுகள் பாறையை அரைத்து மாவாக்க, ஆரே ஆறு அந்த மாவைக் கொண்டுவந்து இந்த ஏரியில் விடுகிறது. மிதக்கிற துகளில் பட்ட வெளிச்சம்தான் அந்த நிறம். துகளில் பெரும்பங்கு இங்கேயே படிந்துவிடுவதால் அடுத்திருக்கிற தூண் ஏரியில் நிறம் அவ்வளவு அழுத்தமில்லை. பிரியன்ஸில் கப்பல் எடுத்து கீஸ்பாக் துறையில் இறங்கி, அருவியைப் பார்த்துவிட்டு, தென்கரைக் காட்டுப் பாதையால் ஈசல்ட்வால்ட் வரை நடப்பது அருமையான நடை. பலகையில் ஒன்றரை மணித்தியாலம் என்று போட்டிருக்கும். அந்தப் பலகைக் கணக்குகள் மணிக்கு 4.2 கிலோமீற்றர் நடக்கிற ஆளுக்கு, இடையில் நிற்காமல் போட்டவை. அம்மா அப்பாவுக்கு இரட்டிப்பாகக் கணக்கெடுங்கள். அங்கங்கே வேரும் கல்லும் உண்டு, எனவே இது அப்பாவும் அக்காவும் நடக்க, அம்மா கப்பலிலேயே தொடர்ந்துபோய் ஈசல்ட்வால்ட்டில் காத்திருக்கிற நடை. ஈசல்ட்வால்ட் இறங்குதுறையில் ஒரு கொரியத் தொலைக்காட்சித் தொடர் எடுத்த பிறகு கூட்டம் தாங்காமல், 2023 இல் அதில் நின்று படமெடுக்க ஐந்து பிராங்க் என்று சுழற்கதவே போட்டுவிட்டார்கள். பக்கத்துக் கரையில் நின்றாலும் அதே ஏரிதான்.

ஏரிக்கரை நடைக்கு ஒரு பொது வழி இதுதான்: போகும்போது நடை, வரும்போது கப்பலோ ரயிலோ. வந்த வழியே திரும்பி நடக்காதீர்கள். மஞ்சள் பலகை சாதாரண நடைபாதை. வெள்ளை சிவப்பு வெள்ளைக் கோடு போட்டிருந்தால் அது மலைப்பாதை, அந்தப் பக்கம் அம்மாவைக் கூட்டிப் போகவேண்டாம்.

ஜெனீவா ஏரிப் பக்கத்துக்கும் ஒரு நாள் வையுங்கள். பேர்னில் இருந்து லொசான் போகிற ரயில் ஒரு மணித்தியாலம் அளவு புல்வெளிக்குள் ஓடி, ஒரு சுரங்கத்தை விட்டு வெளியே வந்ததும் இடது பக்கம் ஏரி முழுக்க ஒரேயடியாகத் திறக்கும். கீழே லாவோவின் திராட்சைப் படிகள், எதிர்க்கரையில் பிரான்ஸ் மலைகள். இதைக் கண்டவன் திரும்பிப் போகிற சீட்டை யன்னலால் எறிந்துவிடுவான் என்று ஜேர்மன் பேசுகிறவர்கள் அந்த வளைவுக்கே ‘சீட்டெறி வளைவு’ என்று பகிடியாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். லாவோ 2007 முதல் யுனெஸ்கோ மரபிடம், ஒக்டோபரில் அந்தப் படிகள் எல்லாம் மஞ்சள். மொன்றோவில் இறங்கி சியோன் கோட்டை வரை ஏரிக்கரையால் நடந்தால் முக்கால் மணித்தியாலம், முழுக்கச் சமதரை, பூப்பாத்தி, நிழல், இருக்கைகள். அம்மாவுக்கு மிகவும் பிடிக்கப்போவது இதுவாகத்தான் இருக்கும்.

மொன்றோவில் இருந்து திரும்பும்போது அப்பாவுக்காக கோல்டன்பாஸ் எக்ஸ்பிரஸில் ஏறுங்கள். மலைக்கு மேலால் இன்டர்லாக்கன் வரை மூன்று மணித்தியாலத்துக்குச் சற்று மேல். காட்சி ஒரு பக்கம் இருக்க, தொழில்நுட்பம்தான் விசேஷம். மொன்றோ பக்கத் தண்டவாளம் ஒரு மீற்றர் அகலம், ஸ்வைசிம்மனுக்கு அங்காலே 1,435 மில்லிமீற்றர். நூறு வருசத்துக்கு மேலாகச் சனம் அங்கே இறங்கி வண்டி மாறிக்கொண்டிருந்தது. 2022 டிசெம்பர் முதல் பெட்டியின் சில்லுகளே அகலத்தை மாற்றிக்கொண்டு தொடர்ந்து ஓடுகின்றன. எங்கள் 1,676 மில்லிமீற்றர் அகலப் பாதையில் வாழ்நாள் முழுக்கப் போய்வந்த மனிதருக்கு அதைக் காட்டாமல் அனுப்புவது பாவம்.

இப்போது பெர்னினா மலை ரயில். மூன்று கிழமையில் ஒரேயொரு தூரப் பயணம் என்றால் இதுதான், இதற்கு மட்டும் இரண்டு மூன்று இரவு வெளியே தங்குங்கள். பேர்னில் இருந்து சூரிச், கூர் வழியாக சென் மொரிட்ஸ் ஐந்து மணித்தியாலம் அளவில் பிடிக்கும், ஒரே நாளில் போய்த் திரும்புவது அடிபிடி. கூரில் இருந்து ஏறுகிற பாதையிலேயே லாண்ட்வாசர் பாலம் வரும். 65 மீற்றர் உயரம், வளைந்து வளைந்து போய் நேரே செங்குத்துப் பாறைச் சுரங்கத்துக்குள் நுழையும். 1902 இல் கட்டி முடித்தது. சென் மொரிட்ஸில் விலை கூடினால் பக்கத்தில் பொன்திரெசீனா, சமேதான் என்று ஊர்கள் இருக்கின்றன. எந்த விடுதி திறந்திருக்கும் என்று முன்கூட்டியே கேட்கவேண்டும்.

ஒக்டோபர் நடுவில் அங்கே லார்ச் மரங்கள் பொன்னிறமாகும். ஊசியிலை மரமாக இருந்தும் இலையுதிர்க்கிற மரம் அது. சென் மொரிட்ஸ் ஏரியைச் சுற்றி நாலரைக் கிலோமீற்றர் அளவு சமதரைப் பாதை, ஒரு பக்கம் முழுக்க லார்ச் காடு. உயரம் 1,800 மீற்றருக்குக் கொஞ்சம் கீழே. நுவரெலியா 1,868 மீற்றர், ஆகவே கிரகறி வாவியைச் சுற்றி மூச்சிரைக்காமல் நடந்தவர்களுக்கு உயரம் ஒரு பிரச்சினையில்லை. குளிர்தான் வேறு. அதிகாலையில் புல்லெல்லாம் உறைபனி.

சென் மொரிட்ஸில் இருந்து இத்தாலியின் திரானோ வரைக்கும் இரண்டரை மணித்தியாலம் அளவு. பாதை 1910 இல் முழுதாகத் திறந்தது, 2008 இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஒஸ்பிட்சியோ பெர்னினா ஸ்டேசன் 2,253 மீற்றர், திரானோ 429 மீற்றர். இடையில் நாற்பது கிலோமீற்றர்கூட இல்லை. எங்கள் மலைநாட்டுப் பாதையில் ஆகக் கூடிய ஏற்றம் 44 அடிக்கு ஓரடி. இங்கே 14 அடிக்கு ஓரடி, அதுவும் பல்சக்கரம் இல்லாமல், சில்லும் தண்டவாளமும் பிடிக்கிற பிடியில் மட்டும். மேலே லாகோ பியாங்கோ ஏரிக்கரையோடு ரயில் ஓடும், தெற்கே போகையில் வலது பக்க யன்னல். அந்த ஏரித் தண்ணி இத்தாலிப் பக்கம் இறங்கி அத்ரியாத்திக் கடலுக்குப் போகும். ஒரு மேட்டுக்கு அப்பால் கிடக்கிற சின்ன ஏரியின் தண்ணி தன்யூப் ஆற்றோடு கருங்கடலுக்கு.

இந்தத் தடத்தில் பெர்னினா எக்ஸ்பிரஸ் என்ற கண்ணாடிக்கூரை வண்டி ஓடுகிறது. அதற்கு ஆசன முற்பதிவுக் கட்டணம் தனி. அதே தண்டவாளத்தில், அதே காட்சியோடு, முற்பதிவு தேவையில்லாத சாதாரண ரயிலும் ஓடுகிறது. நான் சாதாரண ரயிலையே சொல்லுவேன். சில பெட்டிகளில் யன்னலைத் திறக்கலாம், படத்தில் கண்ணாடி மினுக்கம் விழாது. எல்லாவற்றையும்விட, இடையில் இறங்கலாம். அல்ப் குரூமில் இறங்கிப் பாருங்கள். ரயிலாலோ நடையாலோ மட்டுமே போகக்கூடிய ஸ்டேசன், எதிரே பாலூ பனியாறு. ஒரு சூப் குடித்துவிட்டு அடுத்த ரயிலில் ஏறலாம்.

அங்கிருந்து கொண்டைவளைவுகளால் இறங்கி, பொஸ்கியாவோ தாண்டி, லே பிரேசே என்ற ஊரில் இன்னொரு ஏரி. லே பிரேசேயில் இறங்கி ஏரிக்கரையால் மிரலாகோ வரை நடந்து அங்கே ரயிலைப் பிடியுங்கள். மேலே உறைபனியை விட்டுவந்து கொஞ்ச நேரத்திலேயே இங்கே வெயிலில் உட்காரலாம். மிரலாகோவுக்குக் கீழே புரூசியோவில்தான் அப்பா எழும்பி நிற்பார். தெமோதரையில் ரயில் மலையைச் சுற்றி வந்து ஸ்டேசனுக்கு அடியிலேயே சுரங்கத்துக்குள் போகும் அல்லவா? அதே தந்திரத்தை இங்கே வெட்டவெளியில் செய்திருக்கிறார்கள். ரயில் வட்டமடித்து, தான் கடந்துவந்த பாலத்தின் வளைவுக்குள்ளாலேயே புகுந்து வெளியே வரும். அந்தப் பாலத்துக்கும் எல்ல பாலம் மாதிரியே ஒன்பது வளைவு.

திரானோ இத்தாலி என்றாலும், ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா அங்கேயும் செல்லும். கடவுச்சீட்டைக் கையில் வைத்திருந்தால் போதும். கவனிக்கவேண்டியது அக்கா பக்கம்: வீட்டில் யாருக்காவது ‘எஃப்’ எனப்படும் தற்காலிக வதிவிட அனுமதிதான் இருக்கிறது என்றால், முன் அனுமதி இல்லாமல் எல்லை தாண்டக்கூடாது. பரவாயில்லை, புரூசியோ வட்டம் சுவிஸுக்குள்தான். எல்லை ஸ்டேசன் கம்போகொலோனோவில் இறங்கித் திரும்பினால் ஒன்றும் குறையாது.

கிளேசியர் எக்ஸ்பிரஸ் பற்றி அப்பா கேட்பார். செர்மாட்டில் இருந்து சென் மொரிட்ஸ் எட்டு மணித்தியாலம் ஒரே கதிரையில். அம்மாவின் முழங்காலுக்கு ஒத்துவராது. ஒக்டோபர் நடுவிலிருந்து அது சில கிழமை ஓடுவதும் இல்லை. யுங்ஃபிராவ் ரயில் போய்ச் சேருகிற யுங்ஃபிராவ்யோக் ஸ்டேசன் 3,454 மீற்றர், பிரஷர் இருதய வருத்தம் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் ஏறக்கூடாத உயரம். செலவும் கையைக் கடிக்கும். இரண்டையும் விடுங்கள்.

காலநிலையில் இரண்டு விசயம். ஒன்று மூடுபனி. இலையுதிர் காலத்தில் யூரா மலைக்கும் அல்ப்ஸுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் குளிர்காற்று தேங்கி, பேர்ன், சூரிச் எல்லாம் நாள்முழுக்கச் சாம்பல் நிறமாகக் கிடக்கும். புதுசாக வந்தவர்கள் நாடே இப்படித்தான் என்று நினைத்து வீட்டுக்குள் முடங்குவார்கள். அதே நேரம் ஆயிரம் மீற்றருக்கு மேலே சுள்ளென்று வெயில். காலையில் மலையுச்சிகளின் வெப்காமைப் பார்க்கச் சொல்லுங்கள், மேலே நீலம் தெரிந்தால் கேபிள்காரில் ஏறிவிடவேண்டும்.

மற்றது ஃபோன் காற்று. இது எங்களுக்குத் தெரிந்த சாமான்தான், எங்கள் கச்சான். தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைகளில் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது சூடேறி வறண்டு ஆடி மாதத்தில் திருகோணமலையை வறுக்கும் அல்லவா? அங்கே தெற்கே இத்தாலிப் பக்கம் மழையை விட்டு வடக்குப் பள்ளத்தாக்குகளில் இறங்குவது ஃபோன். 1861 இல் கிளாருஸ் நகரம் பற்றியெரிந்தபோது தீயைப் பரப்பியது இந்தக் காற்றுத்தான். ஃபோன் அடிக்கிற நாளில் வானம் கண்ணாடி, மலைகள் கைக்கெட்டுகிற தூரத்தில் நிற்கும், மேலங்கியே வேண்டாம். ஆனால் ஏரி கொந்தளிக்கும், கப்பல் ஓட்டம் நிற்கலாம். அன்றைக்கு ரயில்தான்.

சீட்டு விசயத்தில் மூன்று கிழமைக்கும் சுவிஸ் ட்ராவல் பாஸ் எடுப்பது காசைக் கொட்டுவது. அது 3, 4, 6, 8, 15 நாள் என்று தொடர்ச்சியாக ஓடுகிற பாஸ், நீங்கள் ஒரு நாள் போய் ஒரு நாள் வீட்டில் ஓய்வெடுக்கப் போகிறவர்கள். வெளிநாட்டவருக்கான அரைக் கட்டண அட்டை ஒரு மாதம் செல்லும், அது எடுங்கள். தூரப் பயண நாட்களுக்கு மட்டும் முன்கூட்டியே சலுகை நாட்சீட்டு வாங்கச் சொல்லுங்கள், முந்தினால் விலை குறைவு. ஒரே நாட்சீட்டில் ரயில், பஸ், ஏரிக் கப்பல் எல்லாம் அடங்கும்.

சாப்பாடு கட்டிக்கொண்டு போகலாம். ரயிலுக்குள் புளிச்சாதம் திறந்தால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். மீன் குழம்பை வேண்டுமானால் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பெரிய ஸ்டேசன்களில் கழிப்பறைக்குக் காசு, ரயிலுக்குள் இலவசம், ஆகவே இறங்குமுன் போய்விடச் சொல்லுங்கள். ஊற்றுக்குழாய்த் தண்ணி குடிக்கலாம். ஓய்வு நாளில் பேர்ன் யூரோப்பாபிளாட்ஸுக்குப் போங்கள், பேர்ன் மத்திய ஸ்டேசனுக்குப் பக்கத்து நிறுத்தம். 2014 இல் திறந்த சமயங்களின் இல்லத்தில், பள்ளிவாசலுக்கும் தேவாலயத்துக்கும் பக்கத்தில், ஒரே கூரைக்குக் கீழே எங்கள் சிவன் கோயிலும் இருக்கிறது. வெள்ளிக்கிழமையை அதற்கென்றே ஒதுக்கிவிட்டால் அம்மாவிடம் கேள்வியே வராது.

விசா விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்னிருந்தே கொடுக்கலாம். பதினைந்து நாளுக்குக் குறையாமல் முந்தவேண்டும் என்பது சட்டம், கோடை நெரிசலில் அதை நம்பி இருக்காதீர்கள். யூலைக்குள் கொடுத்துவிடுங்கள். முப்பதினாயிரம் யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி வேண்டும், பெற்றோரின் செலவுக்குத் தான் பொறுப்பு என்ற பொறுப்புப் பத்திரமும் அக்காவிடம் கேட்கக்கூடும். அதற்கு அவருடைய மாநில அலுவலகத்தில் நாள் எடுக்கும், எனவே அக்காவை இந்தக் கிழமையே விசாரிக்கச் சொல்லுங்கள்.